தொண்டைச் சோதனைப் பெட்டியோடு வடக்கே போனேன்

கனடாவில், ரொறன்ரோ நகரின் மல்வேர்னில் இருந்துகொண்டு அந்தக் குளிருக்கே புலம்புகிற ஆள் நான். தாதி வேலை. போன மாசியில் வடக்கு ஒன்ராறியோவில் ஒரு பூர்வகுடிக் கிராமத்துக்கு இரண்டு வாரம் போகச் சம்மதித்தேன். பிள்ளைகளின் தொண்டை நோவு கிருமியால் வந்ததா என்று அங்கேயே சோதிக்க அந்த ஊர்த் தாதிமாரைப் பழக்க வேண்டும். கிருமியைக் கவனிக்காமல் விட்டால் சில வாரத்தில் வாதக் காய்ச்சல் வரலாம்; அது இதய வால்வையே கெடுத்துவிடும்.

காலை ஐந்தரைக்கு ராக்சி, விமான நிலையத்துக்கு எழுபது டொலர். ஓட்டிய அண்ணை யாழ்ப்பாணத்தவர்.

"உந்தக் குளிருக்கை ஆரும் வடக்கை போவினமோ பிள்ளை?"

"வேலை அண்ணை. பிள்ளையளின்ர தொண்டை நோ பாக்கப் போறன்."

"தொண்டை நோவுக்கோ பிளேன்? உப்புத் தண்ணியாலை கொப்புளிச்சாச் சரியெல்லோ!"

சிரித்துவிட்டேன். எங்கள் வீட்டிலும் அதுதான் மருந்து.

தண்டர் பே வரை இரண்டு மணித்தியாலம். அங்கிருந்து சின்ன விமானத்தில் இன்னும் இரண்டு. அந்த ஊருக்குச் சாலை கிடையாது. செலவு வேலையிடத்தினுடையது. சொந்தக் காசென்றால் அதற்குக் கொழும்புக்கே போய் வரலாம். பாரம் கூடிவிட்டது, ஒரு பெட்டியை இறக்க வேண்டும் என்றார் விமானி. உடுப்புப் பெட்டியை இறக்கினேன். சோதனைப் பெட்டி உறைந்தால் வீண் என்பதால் அதை மடியில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் மேரி என்ற தாய், தொண்டை நோவென்று தன் ஆறு வயது மகளைக் கூட்டிவந்தார். ஆங்கிலத்தில்தான் பேசினார்; எங்கள் தமிழில் எழுதுகிறேன்.

"இவளின்ர தமையனுக்கும் உப்பிடித்தான் துவங்கினது."

அவன் தொண்டையில் எடுத்த மாதிரியை வெளியூர் ஆய்வுகூடத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். பனிப்புயலில் விமானம் வரவில்லை. முடிவு வருவதற்குள் தொண்டை நோவு தானாகவே மாறிவிட, எல்லாரும் மறந்துபோனார்கள். பிறகு மூட்டு வீங்கியது, பிறகு மூச்சு வாங்கியது. வால்வு மாற்ற ரொறன்ரோவுக்குக் கொண்டுபோன பிள்ளை பெட்டியில்தான் திரும்பினான். பதினொரு வயது.

சிறுமியின் தொண்டையைத் துடைத்தெடுத்துச் சோதித்தேன். முடிவைக் காட்டும் சோதனைப் பட்டியை விட்டுப் பத்து நிமிடமும் மேரி கண் எடுக்கவில்லை. இரண்டு கோடு, கிருமிதான். உடனே பெனிசிலின் ஊசி போட்டோம். பிள்ளை ஊரைக் கூட்டினாள்.

"நேரத்துக்குப் பிடிச்சிட்டம்," என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"உந்தச் சோதினை மகனுக்கு வருத்தம் வந்த நேரமும் இருந்ததோ?"

இருந்தது. மல்வேர்னில் என் வீட்டுப் பக்கத்து மருந்துக்கடையிலேயே இருந்தது. "ஓம்" என்றேன். மேரி மகளின் ஜக்கெற்றைப் பூட்டிவிட்டு, நன்றி சொல்லிப் போனார். திட்டியிருந்தால்கூட என் மனம் ஆறியிருக்கும்.

போக நினைக்கும் தாதிமாருக்கு: சோதனைப் பெட்டியைச் சரக்கில் போடாதீர்கள். கம்பளிக் காலுறை கைப்பையில் இருக்கட்டும். திரும்பும் விமானம் பிந்தும், விடுப்பை இரண்டு நாள் கூட்டி எடுங்கள். அங்கே ஒரு தாய் இதே கேள்வியைக் கேட்பார். மழுப்பாதீர்கள். இருந்தது, உங்களுக்குத்தான் நாங்கள் கொண்டுவரவில்லை என்று சொல்லுங்கள். நான் பாதியைத்தான் சொன்னேன்.