மேக்ரூடர் மாளிகையின் பின்சரிவு

மிசிசிப்பியில் எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் மேக்ரூடர் மாளிகையைப் பார்க்காமல் போக மாட்டார்கள். வசந்தம் வந்துவிட்டால் போதும், அதைப் பராமரிக்கும் வெள்ளைக்காரச் சங்கத்துப் பெண்கள், வளையம் வைத்துக் குடைபோல விரிந்த அந்தக் காலத்துப் பாவாடையை மாட்டிக்கொண்டு வெள்ளைத் தூண்களுக்கு நடுவே நின்று பல்லைக் காட்டுவார்கள். என் பெரியம்மா மகள் ஒஸெல்லா அக்காவுக்கு அந்த முன்பக்கம் எக்கேடு கெட்டால் என்ன? அவளுக்கு வேண்டியது வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சரிவு மட்டும்தான்.

அடிமைக் காலத்திலிருந்து எங்கள் ஆட்களைப் புதைக்கும் இடம் அது. கல் நட யாரிடம் வசதி இருந்தது? செத்தவர் கடைசியாகக் குடித்த கோப்பையை உடைத்துக் குழிமேல் வைப்போம், சுற்றிச் சிப்பி பதிப்போம். அதைப் பார்த்தே இன்னார் என்று சொல்லிவிடுவோம். பெரியம்மாவின் தலைமாட்டில் இருந்தது நீலப்பூப் போட்ட கோப்பை.

அக்காவுக்குப் பள்ளிக்கூடச் சமையல்கட்டில் வேலை. கல்யாணம் ஆகவில்லை, தம்பி லூஷியஸ்தான் துணை. சிறுநீரகம் கெட்டுப் படுத்தவன் ஒன்றே ஒன்று கேட்டான்.

"அம்மா பக்கத்துல என்னப் போட்டுடுக்கா."

"வாயக் கழுவுடா" என்று திட்டினாள். ஆனாலும் சத்தியம் செய்து கொடுத்தாள்.

மார்ச்சில் அவன் போய்விட்டான். குழிவெட்டும் ஹோரஸைக் கூட்டிக்கொண்டு நாங்கள் சரிவுக்குப் போனோம். ஒரு சிப்பி இல்லை, ஒரு கோப்பைச் சில்லு இல்லை. மொழுமொழுவென்று புல்தரை, ஓரமாகப் புதுப் பூச்செடிகள்.

சங்கத் தலைவி ப்ரூயிட் அம்மாள் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். "பாத்தியா ஒஸெல்லா, எவ்வளவு அழகாயிடுச்சு! ஒரே உடைஞ்ச பீங்கான் குப்பை. லாரியில ஏத்தி அனுப்பிட்டோம்."

"குப்பையாம்மா? அதெல்லாம் எங்க ஆளுங்களோட தலைமாடு!"

"அடக் கடவுளே, எங்களுக்கு யாரும் சொல்லலையே! சரி விடு, ஞாபகார்த்தமா ஒரு பலகை வெச்சிடலாம்."

"எங்க வெப்பீங்க? எங்கம்மா எங்க இருக்கான்னு காட்டுங்க, அங்க வைங்க."

அந்த வீட்டில் ஒரு கதவுக் கைப்பிடியைக்கூட மாற்ற விடமாட்டார்கள், பழமையைக் காப்பாற்றுகிறார்களாம்!

"எங்க வெட்டட்டும் அக்கா?" என்று ஹோரஸ் கேட்டான்.

அக்கா அங்கே போய் நின்றாள், இங்கே வந்து நின்றாள். மண்டியிட்டுப் புல்லை விரலால் கிளறினாள். ஹோரஸ் உத்தேசமாக ஓர் இடத்தில் மண்வெட்டியை ஓங்கியதும், "வேணாம்டா! அம்மா மேலயே பட்டுடப் போவுது!" என்று அலறிக்கொண்டு அவன் கையைப் பிடித்தாள்.

கடைசியில் லூஷியஸை நெடுஞ்சாலையோரக் கல்லறைத் தோட்டத்தில், முன்பின் தெரியாதவர்களுக்கு நடுவே புதைத்தோம். சரிவுக்குப் போய் ஒரு பூவாவது வைக்கலாம் வா என்று கூப்பிட்டால் அக்கா வருவதில்லை.

"எங்க கால வெச்சாலும் அம்மாவ மிதிக்கிற மாதிரி இருக்குடி" என்கிறாள்.