தர்ம வெண்ணெய்

மழை ஓய்ந்து வாடைக்காற்று வீசத் தொடங்கும் டிசம்பர் காலைகளில், பள்ளிக்கூடத்து நைலான் காலுறையை முழங்கால் வரை இழுத்துவிடும்போது என் காலிலிருந்து 'டர்ர்' என்று ஒரு சத்தம் வரும். காலுறை கிழிகிற சத்தம் இல்லை அது; என் தோலின் சொரசொரப்பில் நைலான் இழைகள் மாட்டி மாட்டி விடுபடுகிற சத்தம். முழங்காலுக்குக் கீழேயும், முழங்கையிலிருந்து புறங்கை வரையிலும் என் தோல் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிந்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் வெள்ளையாக ஒரு விளிம்பு காய்ந்து நிற்கும். வெயில் காலத்தில் கொஞ்சம் அடங்கியிருக்கும். பனி தொடங்கினால் போதும், மொத்தமும் எழுந்து நின்றுவிடும். "பொறவித் தோலும்மா இது. யாருக்கும் ஒட்டாது, முழுசாப் போவவும் போவாது. காயவிடாம பாத்துக்கோங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மா தேங்காயெண்ணெயைக் குளிரக் குளிரத் தடவி அனுப்புவாள். எங்கள் வீடு இருக்கிற சாரத்திலிருந்து பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் தெருப்புழுதி மொத்தமும் அதில் வந்து ஒட்டிக்கொள்ளும்.

வகுப்பில் என்னை 'செதிலு' என்று கூப்பிடுவார்கள். "இவளத் தேங்காய்த்திட்டு மீன் ஏலத்துல உட்டா வஞ்சிரம் வெலைக்குப் போவாடி" என்று ஒருத்தி சொன்னது இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. வஞ்சிரத்துக்கு அப்படி ஒன்றும் செதில் கிடையாது என்பதுகூடத் தெரியாத கழுதை! அதை அப்போதே திருப்பிச் சொல்லியிருக்கலாம். எனக்கோ வீட்டுக்கு வந்த பிறகுதான் நல்ல பதிலெல்லாம் நினைவுக்கு வரும்.

ஏழாம் வகுப்புப் படித்த வருடம், கிறிஸ்துமஸ் விழாவுக்கு எங்கள் வகுப்புப் பெண்கள் பன்னிரண்டு பேர் வட்டமாகக் கை கோத்து ஆடும் நடனத்தில் என்னையும் சேர்த்திருந்தார்கள். எனக்கு வலப்பக்கம் நின்ற ஸ்டெல்லா, முதல் நாள் ஒத்திகையிலேயே தன் கைக்குட்டையை எடுத்து உள்ளங்கையில் சுற்றிக்கொண்டுதான் என் கையைப் பிடித்தாள். மூன்றாம் நாள் அந்தக் கைக்குட்டை நழுவி, பிடி விட்டுப்போய், வட்டமே அறுந்து எல்லாரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். டீச்சர் காரணத்தைப் பார்த்துவிட்டார். "இன்னும் ரெண்டு வாரம் இருக்கு. அதுக்குள்ள கைக்குட்ட இல்லாம ஆடிக் காட்டுங்க, இல்லன்னா ஆள மாத்திடுவேன்" என்று இரண்டு பேரையும் பார்த்துப் பொதுவாகத்தான் சொன்னார். மாற்றப்போகிற ஆள் யார் என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. வீட்டுக்கு வந்து, எனக்கு டான்ஸ் பிடிக்கவில்லை, வயிறு வலிக்கிறது, டீச்சர் கத்துகிறார் என்று மூன்று பொய் சொன்னேன். மூன்றையும் கேட்டுவிட்டு அம்மா, "கைய புடிக்க மாட்டேங்கறாளுங்களா?" என்று மட்டும் கேட்டாள். நான் அழுதேன்.

அந்த வாரம்தான் பிரான்சிலிருந்து அத்தையின் பொட்டலம் வந்தது. அத்தை என்றால் அப்பாவின் அக்கா. அங்கே பட்டாளத்தில் வேலை பார்த்த 'சொல்தா' ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவர். ஊருக்கு வருகிற யாரிடமாவது சோப்பு, சாக்லேட், செண்ட்டு என்று கொடுத்தனுப்புவார். இந்த முறை புதிதாக ஒரு வெள்ளை டப்பா இருந்தது. உள்ளே மஞ்சள் பாரித்த வெள்ளையில் ஏதோ ஒன்று கட்டியாக உறைந்திருந்தது. எடுத்துச் சொல்ல ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

இதுபோன்ற சமயங்களில் எங்கள் வீட்டில் அப்பாதான் அதிகாரி. வேலை பார்த்த மில் மூடிய பிறகு இரும்புக் கடையில் சரக்கு பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். ஆனால் சிறுவயதில் மூன்று வருடம் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். அந்த மூன்று வருடத்தை வைத்துக்கொண்டு பிரெஞ்சில் எழுதியிருக்கும் எதையும் விடமாட்டார். மருந்துச் சீட்டு, பழைய வீடுகளின் கதவுப் பலகை, பிஸ்கட் பெட்டி, எல்லாவற்றையும் உரக்கப் படித்து அர்த்தம் சொல்வார். முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு, டப்பாவை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார்.

"பேர் த கரித்தே."

"யாரு பேருங்க?" என்றாள் அம்மா.

"யாரு பேரும் இல்லடி. பிரெஞ்சுல பேர்னா வெண்ணெ."

"சரி, கரித்தே?"

அப்பா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஷரித்தேன்னா தருமம், பிறரன்பு. இங்க 'ஷ' வர்ற எடத்துல கானா போட்டிருக்கான், அது பழைய எழுத்தா இருக்கும். அனாதப் புள்ளைங்களுக்காவ மடத்து சிஸ்டருங்க கடைஞ்சி விக்கிற வெண்ணெடி இது. தர்ம வெண்ணெ! பத்தரமா வையி."

அம்மா டப்பாவுக்கு நெற்றியில் ஒரு சிலுவை போடாத குறைதான். நேரே பிரிட்ஜுக்குள் போய்விட்டது. டிசம்பர் எட்டாம் தேதி மாதா திருநாளுக்குச் செய்கிற கேக்குக்கு அந்த வெண்ணெயிலேயே ஐசிங் போடுவது என்று முடிவாயிற்று.

திருநாளுக்கு முந்தின நாள் மத்தியானம் டப்பாவை வெளியே எடுத்தால், கல்லு மாதிரி இருந்தது. அம்மா அதைக் கிண்ணத்தில் போட்டு வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்தாள். கொஞ்சம் அசந்த நேரத்தில் மொத்தமும் எண்ணெயாக உருகிவிட்டது. "ஐயய்யோ" என்று தலையில் அடித்துக்கொண்டு ஐஸ் பெட்டிக்குள் தள்ளினாள். பாதி உறைந்து, விரல் வைத்தால் பள்ளம் விழுகிற பதத்தில் எடுத்து, இரண்டு சொட்டு வெனிலா எசன்ஸ் விட்டு, கையால் சுற்றுகிற பீட்டரைக் கொண்டு அடிக்க ஆரம்பித்தாள். நான் மிக்சியில் சர்க்கரையைப் பொடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. பொத்தானில் கை வைத்தேன், கரண்ட் போயிற்று. அம்மா பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருந்தாள். கிண்ணத்தில் இருந்தது வெளுத்து, நுரைத்து, இரண்டு மடங்காகப் பொங்கி, பீட்டரைத் தூக்கினால் முனை வளைந்து நின்றது. இவ்வளவு அழகான ஐசிங்கை நாங்கள் கேக் கடைக் கண்ணாடிக்குள்தான் பார்த்திருந்தோம்.

சர்க்கரைக்குக் காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. ஒரு விரல் எடுத்து வாயில் வைத்தேன். த்தூ! மெழுகுவர்த்தியை மென்ற மாதிரி நாக்கு முழுக்கப் படிந்துகொண்டு, அடியில் ஏதோ கருகின வேர்க்கடலை வாசனை. அம்மாவும் சுவைத்துப் பார்த்தாள். முகம் போன போக்கைச் சொல்லி முடியாது. "ஒங்க அக்கா ஊசிப்போன வெண்ணெய அனுப்பிருக்காங்க" என்று அப்பாவைப் பிடித்துக்கொண்டாள். அப்பாவுக்கோ அக்காவை விட்டுக்கொடுக்கவும் முடியவில்லை, தன் பிரெஞ்சை விட்டுக்கொடுக்கவும் முடியவில்லை. மடத்துப் பொருளைக் குப்பையில் கொட்டவும் மனசு வராமல், அம்மா அதைத் திரும்ப டப்பாவில் வழித்துப் போட்டுவிட்டு, கிண்ணத்தைக் கழுவ என்னிடம் கொடுத்தாள்.

தண்ணீருக்கு அது அசைவதாக இல்லை. வெறும் கையால் வழித்தேன், முழங்கை வரை அப்பிக்கொண்டது. வெனிலா வாசனை நன்றாக இருந்ததால் மீந்ததை வலது காலில் துடைத்துக்கொண்டேன். மறுநாள் காலை இடது காலில் காலுறை 'டர்ர்' என்றது. வலது காலில் ஒரு சத்தமும் இல்லாமல் ஏறியது. கழற்றிவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தேன். அப்போதும் சத்தமில்லை. "யம்மா, இங்க வாயேன்" என்று நான் போட்ட கூச்சலில் அம்மா கரண்டியோடு ஓடிவந்து, குனிந்து, இரண்டு காலையும் மாற்றி மாற்றித் தடவிப் பார்த்து, "இந்தக் கால்ல என்னாடி பண்ண?" என்றாள்.

அன்று சாயங்காலம் திருநாள் வாழ்த்துச் சொல்ல அத்தை போன் செய்தார். அத்தை பேசினால் ரிசீவரே தேவையில்லை, கூடத்தில் இருக்கிற எல்லாருக்கும் கேட்கும்.

"வெண்ணெ கொஞ்சம் ஊசிப்போச்சு போலருக்குக்கா" என்று அப்பா தயங்கித் தயங்கி ஆரம்பித்தார்.

"எந்த வெண்ணெடா?"

"அதான், அந்த மடத்து வெண்ணெ."

"எந்த மடம்? அடப் பைத்தியமே, அத வாயில வச்சீங்களா? மேலுக்குப் பூசறதுடா அது! கரித்தேன்னா ஆப்பிரிக்காவுல ஒரு மரம், அதோட கொட்டையிலேர்ந்து எடுக்கறது. பாப்பாவுக்கும் ஒன் தோலுதான்னு ஒன் பொண்டாட்டி சொன்னா. ஒனக்கும் சேத்துதான் அனுப்பினேன். சின்னதுல காலு கையெல்லாம் வெடிச்சி எப்புடி அழுவே, மறந்துட்டியா?"

அப்பா போனை வைத்தார். எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது கோபம்தான் வந்தது, அப்படி ஒரு கோபம். மே மாதத்து வெயிலிலும் முழுக்கைச் சட்டை, வீட்டுக்குள்ளும் கணுக்காலை மூடின கைலி. அதெல்லாம் மில்காரர்களின் பழக்கம், புறங்கைச் சொரசொரப்பு இரும்பு தூக்கியதால் வந்தது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு வருடமாக இந்த வீட்டில் நான் ஒருத்திதான் இப்படிப் பிறந்துவிட்டேன் என்று அழுதிருக்கிறேன். அம்மாவும் தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"ஏம்பா சொல்லல?" என்று கத்தினேன்.

அப்பா பொத்தானைக் கழற்றி, சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டினார். அச்சு அசல் என் கை. கட்டம் கட்டமாக, வெள்ளை விளிம்போடு, முடி முளைத்த என் கை. "சொல்ல வெக்கமா இருந்துச்சி பாப்பா. வேற ஏதாவது நல்லதாக் குடுத்திருக்கலாம் ஒனக்கு, இதப் போயிக் குடுத்துட்டேன்" என்றார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றுதான். அம்மா டப்பாவைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். அவர் கைக்கு நான் பூசினேன், என் கைக்கு அவர் பூசினார். கூடம் முழுக்கக் கேக் வாசனை அடித்தது. "தர்ம வெண்ணென்னு சொன்னனே, தப்பா?" என்று அப்பா கேட்டதும், அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

தினம் இரண்டு வேளை பூசியும் பத்து நாளில் என் தோல் ஒன்றும் பட்டாகிவிடவில்லை. வெள்ளை விளிம்புகள் மடங்கி, சொரசொரப்பு பாதியாகியிருந்தது, அவ்வளவுதான். ஆனால் என்னிடம் இப்போது புதிதாக ஒரு நியாயம் இருந்தது. கடைசி ஒத்திகையன்று ஸ்டெல்லா கைக்குட்டையை எடுத்தபோது அவளிடம் சொன்னேன்: "இது ஒட்டாதுடி. எங்கப்பாவுக்கும் இதேதான் இருக்கு. கல்யாணம் ஆகி இத்தன வருசத்துல எங்கம்மாவுக்கு ஒட்டலயே, ஒனக்கு மட்டும் எப்புடி ஒட்டும்?" வாழ்க்கையில் முதல் தடவையாக நல்ல பதில் எனக்குச் சரியான நேரத்தில் வந்தது. அவள் கைக்குட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு, என் கையைப் பிடித்து, மூக்கருகே கொண்டுபோனாள். "என்னாடி, கேக்கு வாசன வருது?" என்றாள். அந்த வருடம் வட்டம் அறுபடவில்லை.

அத்தை இப்போது இல்லை. அந்த வெண்ணெய் இன்று சென்னையிலிருந்து கூரியரில், 'ஷியா பட்டர்' என்று இங்கிலீஷ் பெயர் போட்டு வருகிறது. அப்பாவுக்குப் படித்துக் காட்ட ஒரு பிரெஞ்சு எழுத்தும் அதில் இல்லை. 'பேர்' என்றால் வெண்ணெய் என்று சொல்ல எங்கள் தெருவில் இனி அவர் ஒருவர்தான் பாக்கி. சாரத்தில் அதே வீட்டில், வாடை தொடங்கியதும் நான் ஒவ்வொரு வருடமும் அடிக்கிறேன்: வெண்ணெய் முக்கால் பங்கு, தேங்காயெண்ணெய் கால் பங்கு, உருக்கி, பாதி உறையவிட்டு, முனை வளைகிற வரை. ஈரக் கையை உள்ளே விட்டால் பூசணம் பிடிக்கும். மார்ச் பிறந்துவிட்டால் நுரை இறங்கி எண்ணெயாகிவிடும். வெனிலா எசன்ஸ் தோலுக்கு ஆகாது என்று சிலர் சொல்கிறார்கள். எங்களுக்கு ஒன்றும் செய்ததில்லை. இரண்டு சொட்டுக்கு மேல் விடுவதுமில்லை. என் மகள் ஜெனிக்கு எட்டு வயது. அவளுக்கும் எங்கள் தோல்தான். பிறந்த மூன்றாம் மாதமே தெரிந்துவிட்டது. அன்றே அப்பா அரைக்கைச் சட்டை நாலு வாங்கிக்கொண்டு வந்தார். புள்ள என்னப் பாத்து வளரட்டும் என்றார். அவள் தாத்தாவின் கையையும் தன் கையையும் பக்கத்தில் வைத்துக் கட்டம் எண்ணி விளையாடித்தான் எண்ணவே கற்றுக்கொண்டாள்.

சென்ற வாரம் ஜெனியின் பள்ளிக்கூட டைரியில் டீச்சரின் குறிப்பு ஒன்று வந்திருந்தது. டைரியில் குறிப்பு என்றாலே எனக்குப் பயம். அந்தப் பயம் மட்டும் இன்னும் போகவில்லை. அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எழுத்துச் சின்னதாக இருக்கிறது, நீயே படி என்றார். உரக்கப் படித்தேன்: "உங்கள் மகள் கையில் வெண்ணெய் போன்ற எதையோ பூசிவருவதுடன், மற்ற பிள்ளைகளுக்கும் பூசிவிடுகிறாள். நேற்று கடற்கரைச் சாலையில் ஜோடி ஜோடியாகக் கை கோத்து அழைத்துச் சென்றபோது, பிள்ளைகளுக்குக் கை வழுக்கிக்கொண்டே இருந்தது. இனி குறைவாகப் பூசி அனுப்பவும்."

"யாருடி ஒன் ஜோடி?" என்று கேட்டேன்.

"ஒருத்தர் இல்லம்மா, மாத்தி மாத்தி நாலு பேரு. வாசனையா இருக்குன்னு எல்லாத்துக்கும் என் கையத்தான் புடிக்கணுமாம், ஒரே சண்ட" என்று சலித்துக்கொண்டே ஜெனி விளையாடப் போய்விட்டாள்.

'சரி, குறைத்துக்கொள்கிறோம்' என்று எழுதிக் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தேன். அப்பா என் கையைத் தடுத்தார். கை கோத்துப் போனபோது வழுக்கிக்கொண்டே இருந்தது என்று வருகிறதே, அந்த வரியை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.