பன்னிரண்டுக்குப் பின்னால் வந்த ஒன்பது

கொல்லிமலையில் அன்று விடியற்காலையிலிருந்தே மழை. எந்தக் கொண்டை ஊசி வளைவில் என்ன விழுந்து கிடக்கிறது என்று ஊர்க்காரர்கள் ஃபோன் குழுவில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அடிவாரத்திலிருந்து வேனில் ஆட்களை ஏற்றி வரவிருந்த என் மாமாவுக்காக, வளைவு எண்ணையும் அங்குள்ள தடையையும் இணை இணையாகச் சேர்த்து, பைத்தான் நிரலில் வரிசைப்படுத்தி அனுப்பினேன்.

“பன்னெண்டாவது வளைவு வரைக்கும் ரோடு சுத்தம். வெரசா வந்துருவேன் கண்ணு” என்று மாமாவின் குரல் பதிவு வந்தது.

பதறிப்போய்ப் பட்டியலைப் பார்த்தேன். 12, 31, 45, 9. எண்களை எண்ணாக மாற்றாமல் எழுத்துகளாகவே விட்டிருந்தேன். 1, 3, 4, 9 என்று நிரல் முதல் இலக்கத்தை வைத்தே அடுக்கியிருந்தது. ஒன்பதாவது வளைவில் பாதிச் சாலை சரிந்திருந்த செய்தி கடைசி வரியில் கிடந்தது.

அழைத்தேன். சிக்னல் இல்லை. எதையும் ஒன்று, இரண்டு என்று வரிசையாக யோசிப்பவள் நான். அன்று மீண்டும் மீண்டும் அழைப்பதைத் தவிர எதுவும் தோன்றவில்லை.

கடைசியில் தெரியாத எண்ணிலிருந்து மாமா பேசினார். “ஒம்பதுக்கு முன்னாடியே நிக்கிறோம். ஒரு அம்மா சாக்கைப் போத்திக்கிட்டு நடுரோட்டுல நின்னுச்சு. ஹாரன் அடிச்சும் நகரல. திட்டிக்கூடப் போட்டேன். இது அவங்க ஃபோனு.”

பின்னால் அந்த அம்மாவின் குரல் கேட்டது. “திட்டி முடிச்சாச்சுன்னா வண்டிய ஓரங்கட்டுங்க. ரோடு சரிஞ்சத குரூப்புல போட்டவளும் நாந்தானுங்க. யார் பாப்பாங்களோ, மாட்டாங்களோன்னுதான் நின்னேன்.”

எழுத்தை எண்ணாக மாற்ற நிரலில் ஒரு சொல் சேர்த்தால் போதும். சேர்த்துவிட்டேன். அந்தச் சொல் இல்லாத நேரம் முழுவதும், என் பட்டியலில் ஒரு வரியாக மட்டுமே இருந்தவர் மழையில் நின்றிருக்கிறார்.