ஒரு சைஸ் பெரிய எஞ்சின்

தேனிக் கடைவீதியில் மோட்டார் பம்புக் கடை வைத்திருக்கும் வைகுண்டராஜிடம், ஒரு காலத்தில், மூன்று எச்.பி. மோட்டார் கேட்டுப் போன யாரும் மூன்று எச்.பி.யோடு திரும்பியதில்லை. ஐந்தைத் தலையில் கட்டித்தான் அனுப்புவான். "இன்னைக்குக் கெணத்துல தண்ணி மேல கெடக்கு, மூணு போதும்ங்கிறீக. வர்ற வருசம் கீழ போகும்ல, அப்ப என்ன செய்வீக?" என்பான். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. எதுவானாலும் ஒரு சைஸ் கூட இருப்பதுதான் நல்லது என்று மனதார நம்பியவன் அவன். சட்டையைக்கூட ஒரு சைஸ் பெரிதாகத்தான் தைப்பான். காற்றடி காலத்தில் அந்தச் சட்டை அவனுக்கு முன்னால் கடைக்கு வந்து சேரும்.

நான் பக்கத்துக் கடை. பூச்சிமருந்தும், மருந்தடிக்கிற பவர் ஸ்பிரேயரும் என் வியாபாரம். பள்ளிக்கூடத்திலிருந்தே அவனைத் தெரியும். அந்த வைகுண்டராஜ் இன்றைக்கு, மூன்று கேட்டால் மூன்றுதான் தருகிறான். "இது பத்துமாய்யா?" என்று வாங்குகிறவரே சந்தேகப்பட்டாலும், "போதும்னு நீங்கதான சொன்னீக, எடுத்துட்டுப் போங்க" என்று பில்லைக் கிழித்துக் கொடுத்துவிடுகிறான். புதிதாக வந்த ஆட்கள் அவனுக்கு வியாபாரம் தெரியாது என்கிறார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். என்ன நடந்தது என்று இவர்களுக்கு என்ன தெரியும்?

அவனை மாற்றியது ஒரு விமானம். பொம்மை விமானம்தான், ஆனால் இறக்கை மட்டும் எட்டடி.

வைகுண்டராஜின் அண்ணன் சங்கரலிங்கம் விமானப்படையில் ஃபிட்டராக இருந்தவர். விமானம் ஓட்டியவர் அல்ல, அதன் உடம்பையும் இறக்கையையும் பழுதுபார்த்தவர். ஓய்வு நேரத்தில், தரையில் நின்று ரேடியோப் பெட்டியால் ஓட்டுகிற சின்ன விமானங்களைச் செய்து பறக்கவிடுவாராம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எண்பதாம் வருஷம் ஓய்வு பெற்று, அல்லிநகரத்தில் தம்பி வீட்டு மாடிக்கு வந்து சேர்ந்தார். ஒரு டிரங்குப் பெட்டி, அந்த ரேடியோப் பெட்டி, கூடவே சர்க்கரை வியாதி. வியாதி இரண்டு வருஷத்தில் கண்ணைப் பிடித்தது. உள்ளே ரத்தம் கசிகிறது, சிகிச்சை செய்து பார்க்கலாம், ஆனால் உறுதி சொல்ல முடியாது என்று மதுரையில் சொல்லிவிட்டார்கள்.

அதைக் கேட்டுவிட்டு வந்த மறுநாள் சங்கரலிங்கம் அண்ணாச்சி என் கடையில் வந்து உட்கார்ந்தார். எப்போதும் அதிகம் பேசாதவர், அன்று பேசினார்.

"கண்ணு போறதுக்குள்ள ஒரு தடவை பிளேன் ஓட்டிப் பாத்துரணும்யா. சின்னதா செஞ்சா இனி எனக்குத் தட்டுப்படாது. பெருசா செய்யணும்."

செய்தார். போடியிலிருந்து இலவ மரப் பலகை வாங்கி வந்தார். பஞ்சுக்கு வளர்க்கிற மரம் என்றாலும் அதன் கட்டை அவ்வளவு லேசு. பலகையும் மூங்கிலும் மாடியில் எலும்புக்கூடாக எழும்பின, மேலே நைலான் துணி ஏறியது. கடைவீதி சும்மா இருக்குமா? "அண்ணாச்சி, ஏலக்கா மூட்டைய இதுலயே ஏத்தி விட்டுரலாம்ல, லாரி வாடகை மிச்சம்" என்று கேட்டார்கள். அவரும் சிரித்துக்கொள்வார்.

எஞ்சினை என் கடையில்தான் தேர்ந்தெடுத்தார். முதுகில் மாட்டிக்கொண்டு ஏலத் தோட்டத்தில் மருந்தடிக்கிற ஸ்பிரேயரின் எஞ்சின். முகத்துக்கு நெருக்கமாக வைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுதான். முப்பத்தஞ்சு சி.சி. இந்த பிளேனுக்கு இது போதும்."

வைகுண்டராஜுக்கு முகம் தொங்கிவிட்டது. "மருந்தடிக்கிற எஞ்சின்ணே. எட்டடி பிளேன இது தூக்குமா?"

"தூக்கும். மெதுவாத் தூக்கும். எனக்கு மெதுவாப் போனாத்தான்டா ஆகும். இது போதும்."

இந்தப் 'போதும்' என்ற சொல்லை அந்த வீட்டில் யாரும் ஒருநாளும் நம்பியதில்லை. சாப்பாட்டில் அண்ணாச்சி இலையைக் கையால் மறைத்து "போதும்மா" என்பார். வைகுண்டராஜின் மனைவி ஞானசெல்வி அவர் விரல்மேலேயே இன்னொரு கரண்டி சோற்றைத் தள்ளுவாள். தள்ளாவிட்டால் வைகுண்டராஜ் அவளைத் திட்டுவான். எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் இப்படித்தான். ஒருவர் போதும் என்றதும் கரண்டியைத் திருப்பிக்கொண்டு போவது அவரை அவமதிப்பது. அதிலும் அண்ணாச்சி வாழ்நாள் முழுக்கப் போதும் என்றே சொல்லி வந்தவர். அப்பா போனபின் பதினெட்டு வயதில் வேலைக்குப் போய், சம்பளத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, லீவில் வரும்போதெல்லாம் அதே பழைய செருப்போடு வருவார். புதிதாக வாங்கிக் கொடுத்தால் "எதுக்குடா, இது போதும்" என்பார்.

அன்று சாயங்காலம் கடையைச் சாத்தும்போது வைகுண்டராஜ் என்னிடம் சொன்னான். "அண்ணன் என்னத்த வேணும்னு கேட்டிருக்காக? எனக்குச் செலவு வைக்கக் கூடாதுன்னு சின்னதா எடுக்காக. கடைசியா ஆசைப்பட்டது இது ஒண்ணு. நாமளாத்தான் பெருசா போட்டுக் குடுக்கணும்."

கண் சிகிச்சைக்காக அண்ணாச்சி மதுரையில் போய்த் தங்கினார். அந்தச் சமயம் பார்த்து இவன் குமுளிக்கு பஸ் ஏறினான். ஒரு மரக்கடையில், மரம் அறுக்கிற மோட்டார் ரம்பத்தின் எஞ்சினைப் பேரம் பேசிக் கொண்டுவந்து சேர்த்தான். எண்பது சி.சி.க்கு மேல். லேத்துப் பட்டறை தவசியைக் கூப்பிட்டு, ஸ்பிரேயர் எஞ்சினைக் கழற்றி அங்கே இதை மாட்டினார்கள்.

"மூக்கு கனக்குதே, மொதலாளி" என்றான் தவசி.

"வால்ல ஒரு இரும்ப வச்சுக் கட்டுய்யா, சமமாயிரும்."

இரும்பு கட்டியதும் சமமாகத்தான் நின்றது. ஒரு கனத்தை இன்னொரு கனத்தால் சரிக்கட்டினார்கள். இலவ மரத்தில் செய்த அந்த லேசான சாமான் மாடியில் ஆட்டுக்கல்லாக உட்கார்ந்திருந்தது.

அண்ணாச்சி கறுப்புக் கண்ணாடியோடும் பாதிப் பார்வையோடும் திரும்பி வந்தார். மாடிக்குப் போய் விமானத்தின் மூக்கைத் தடவிப் பார்த்தார். கை அப்படியே நின்றது. நான் கூடத்தான் இருந்தேன்.

"எம்புட்டு சி.சி.டா இது?"

"எம்பதுக்கு மேலண்ணே! சும்மா கிழிச்சுக்கிட்டுப் போகும்."

அண்ணாச்சி விமானத்திலிருந்து கையை எடுத்தார். தம்பியின் முகம் இருந்த பக்கம் பார்த்தார். பிறகு, "ஆசையா வாங்கிட்ட. சரி" என்றார்.

அந்தச் 'சரி'யை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரமாக வருகிறது. கழற்றுடா என்று சொல்லியிருந்தால் ஒரு காலைப்பொழுது வேலை. ஆனால் அவரும் அந்த வீட்டுக்காரர்தானே. இலையில் விழுந்ததை மிச்சம் வைக்கத் தெரியாது.

பங்குனியில் ஒரு விடிகாலை, கோடாங்கிபட்டிப் பக்கம் வற்றிக் கிடந்த கண்மாய்க்குள் விமானத்தைக் கொண்டுபோனோம். பாதிக் கடைவீதி வேடிக்கை பார்க்கப் பின்னால் வந்தது. ஒரு பக்கம் தென்னந்தோப்பு, மறுபக்கம் மலை. எஞ்சினைத் தட்டிவிட்டதும் எழுந்த சத்தத்தில் தோப்புக் காக்கைகள் மொத்தமும் கிளம்பிவிட்டன. அண்ணாச்சி கழுத்தில் ரேடியோப் பெட்டியைத் தொங்கவிட்டு நின்றார். விமானம் ஓடியது, எழும்பியது. வைகுண்டராஜ் துள்ளிக் குதித்தான். நானும் கத்தினேன், பொய் சொல்வானேன்.

கனத்த விமானம் மெதுவாகப் போனால் விழுந்துவிடும், அதனால் அவர் வேகத்தைக் குறைக்கவும் முடியவில்லை. ஒரு சுற்று வந்தது. அடுத்த சுற்றில் அது தூரத்தில் திரும்பியபோது அண்ணாச்சியின் தலை அது போன பக்கம் திரும்பவில்லை.

"வைகுண்டம், எங்கன இருக்கு?"

"அந்தா, தோப்புக்கு மேலண்ணே!"

"எங்கனடா?"

"அந்தா, அந்தான்னு காட்டுறேன்ல, ஒசந்த தென்னைக்கு மேல!"

தென்னையே தெரியாதவருக்கு எதைக் காட்டுவது? மேலே சாய்ந்த விமானம் தலைகீழாகத் தோப்புக்குள் இறங்கியது. மட்டை முறியும் சத்தம் கேட்டது. எஞ்சின் நின்றது. அதன்பிறகும் அண்ணாச்சியின் கட்டைவிரல்கள் பெட்டியின் குச்சிகளை நிதானமாக அசைத்துக்கொண்டிருந்தன. நான்தான் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

வைகுண்டராஜ் உடைந்த இறக்கையைத் தூக்கிக்கொண்டு வந்து அவர்முன் நின்று அழுதான். நாற்பது வயது ஆள், அத்தனை பேர் பார்க்க அழுதான்.

"எஞ்சின் நல்ல எஞ்சின்தான்டா" என்றார் அண்ணாச்சி. "என் கண்ணுதான் அதுக்குப் பத்தல. மெதுவாப் போனா கூடவே பாத்துக்கிட்டு வந்துருவேன். அதுக்குத்தான சின்னது போதும்னேன்."

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது, அவர் அந்த ஒரு தடவை மட்டும் நிஜமாகவே போதும் என்று சொல்லியிருக்கிறார் என்று.

உடைந்ததைச் சரிசெய்ய ஒரு மாதம் போதும் என்று கணக்குப் போட்டார்கள். இந்தப் பள்ளத்தாக்கு அந்த ஒரு மாதத்தைக் கொடுக்கவில்லை. சித்திரையில் வீரபாண்டித் திருவிழா முடிவதற்குள் காற்று தொடங்கிவிட்டது. ஆடியில் வாழையையே சாய்க்கிற காற்றில் துணி விமானம் எங்கே நிற்கும்? காற்று அடங்கியதும் ஐப்பசி மழை. எட்டடி இறக்கைக்குத் தோதாக, வாழையும் தென்னையும் இல்லாத வெட்டவெளி அந்தக் கண்மாய் ஒன்றுதான், அதுவும் நிரம்பிவிட்டது. ஊரே சந்தோஷப்பட்டது. ஒருவன் மட்டும் கரையில் நின்று தண்ணீரைத் திட்டினான். கிணறுகளில் தண்ணீர் ஏறினால்தான் மோட்டார் விற்றுப் பிழைக்க முடிகிறவன்!

கார்த்திகையில் அண்ணாச்சிக்கு இடது கண் போனது. தை பிறந்தபோது வலது கண்ணில் வெளிச்சம் மட்டும் மிஞ்சியது. ஜன்னல் எந்தப் பக்கம் என்று தெரியும், ஜன்னலில் நிற்பவர் யார் என்று தெரியாது. அவரே ஒருநாள் சொன்னார், "நீ ஓட்டுடா, நான் கேட்டுக்கிறேன்" என்று. ஒரு சின்ன விமானத்தை வைத்துக்கொண்டு பள்ளிக்கூட மைதானத்தில் வைகுண்டராஜ் ஓட்டப் பழகினான். எத்தனையோ தடவை போட்டு உடைத்தான். கடையைத் தவசி பார்த்துக்கொண்டான்.

மாசிக் கடைசியில் கண்மாய் காய்ந்தது. பெரிய விமானத்தில் இப்போது அந்த ஸ்பிரேயர் எஞ்சின்தான். வாலில் இரும்பு இல்லை. அண்ணாச்சிக்கு ஒரு மடக்கு நாற்காலி போட்டேன், பக்கத்தில் நின்றுகொண்டேன். வேறு யாரையும் கூப்பிடவில்லை.

விமானம் கொஞ்ச தூரம் ஓடி, தானாக எழும்பியது. நான் அதுவரை பார்த்ததிலேயே அழகான காட்சி அது. அவ்வளவு பெரிய இறக்கை, அவ்வளவு நிதானம். தோப்பு ஓரமாகத் தாழ்வாகப் போய்த் திரும்பியது. பாதிப் பார்வை உள்ளவர்கூடக் கண்ணெடுக்காமல் தொடர்ந்திருக்கலாம். போன வருஷம் பங்குனியில் அவருக்கு அந்தப் பாதி இருந்தது.

"மெதுவாப் போகுதுல்ல?" என்றார் அண்ணாச்சி.

"ஆமா அண்ணாச்சி, ரொம்ப மெதுவா."

அவர் முகத்தில் சிரிப்பு. ஆனால் முகம் மலைப் பக்கம் திரும்பியிருந்தது. சத்தம் மலையில் மோதித் திரும்புகிறது, அவர் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். விமானமோ அவர் முதுகுக்குப் பின்னால், தோப்புப் பக்கம். திருப்பி உட்காரவைக்க எனக்கு மனம் வரவில்லை.

வைகுண்டராஜ் ஒரு கணம் இங்கே பார்த்தான். பார்த்தவன் விமானத்தைத் திருப்பினான். தோப்பை விட்டு, எங்கள் தலைக்குமேல் கொண்டுவந்து, மலைச்சரிவுக்குக் கொண்டுபோனான், அண்ணனின் முகம் இருந்த இடத்துக்கு நேராக. ஆனால் அது அங்கே போய்ச் சேருவதற்குள், தோப்புப் பக்கமிருந்து நெருங்கி வந்த சத்தம் அவரைத் திருப்பிவிட்டது. அண்ணாச்சி மெல்லத் தலையைத் திருப்பித் தோப்பைப் பார்த்துச் சிரித்தார். அவன் மறுபடி தோப்புக்குக் கொண்டுவந்தான். அவர் மறுபடி மலைக்குத் திரும்பினார். அவனும் விடவில்லை. கண்ணீர் வழிய வழிய, துடைக்கக் கை இல்லாமல், அந்த விமானத்தை அவர் முகத்துக்கு முன்னால் கொண்டுவரத் துரத்திக்கொண்டே இருந்தான். ஒரு தடவைகூட முடியவில்லை.

"வைகுண்டம்" என்றார் அண்ணாச்சி. "நல்லாருந்துச்சுடா. போதும்."

டாங்கில் பாதிக்கு மேல் பெட்ரோல் இருந்தது. இன்னும் ஒரு சுற்று என்று அவன் கேட்கவில்லை. உடனே இறக்கிவிட்டான்.