கவசத்து மேல பொன்னாடை

என்னைப் பார்த்ததும் அல்லாரும் சொல்ற முதல் வார்த்தை "பாவம்". பஸ்ல சொல்லுவாங்க, பேங்குல சொல்லுவாங்க, கல்யாணப் பந்தியில இலை போடறவங்க கூடச் சொல்லிட்டுத்தான் இலையைப் போடுவாங்க. ரெண்டு வயசுல போலியோ வந்து எடது காலு சூம்பிப் போச்சு. தொடையிலிருந்து பாதம் வரைக்கும் ரெண்டு பக்கமும் இரும்புக் கம்பி வச்ச காலிப்பரை மாட்டிக்கிட்டுத்தான் நடக்கறேன். போலியோவைப் பொறுத்துக்கிட்டேன். இந்தப் பாவத்தைத்தான் முப்பத்தாறு வயசு வரைக்கும் பொறுக்க முடியலை.

அதுக்காகப் பஸ்ல யாராச்சும் எந்திரிச்சு எடம் குடுத்தா வேண்டாம்னு சொல்லமாட்டேன். அப்புடிச் சொல்ல நானென்ன லூசா? அந்தச் சீட்டு என்னோடது, சட்டத்துலயே இருக்குது. எனக்கு இருக்கற வயித்தெரிச்சல் வேற.

நான் செஞ்சதை யாருமே தப்புன்னு சொன்னதில்லைங்க. அதுதான் வயித்தெரிச்சல். பள்ளிக்கூடத்துல ஒருக்கா பூசணிக்காய் வரையச் சொன்னாங்க. நான் வரைஞ்சது காத்துப்போன பந்து மாதிரி இருந்துச்சு. டீச்சர் பார்த்துட்டு, "சூப்பர் சாமி"ன்னு கன்னத்தைத் தட்டிட்டுப் போனாங்க. பக்கத்துல இருந்தவளும் அதே பந்தைத்தான் வரைஞ்சிருந்தா. அவளுக்கு நடுமண்டையில நங்குன்னு ஒரு கொட்டு விழுந்துச்சு. அந்தக் கொட்டு மேல எனக்கு அன்னைக்குப் பொறாமையா இருந்துச்சு. விளையாட்டு விழாவுல ஓடவே இல்லை, கலந்துகிட்டதுக்குன்னு ஒரு டிபன் பாக்ஸ் குடுத்தாங்க. அதுல சோறு கொண்டு போகமாட்டேன்னு ஊட்டுல ஒரே சண்டை.

அண்ணனுக்கு நாமக்கல்ல லாரிச் சீட்டு தைக்கற கடை. ஸ்பாஞ்சு வெட்டி, ரெக்ஸின் தைச்சு, டிரைவர் உக்கார்ற சீட்டும் பின்னாடி படுக்கற மெத்தையும் போட்டுக் குடுப்போம். பன்னெண்டு வருசமா தையல் மிஷின்ல இருக்கறது நான்தான். மோட்டார் மிஷின், வலது கால் போதும். "என் தங்கச்சி கை பட்டா சீட்டு பத்து வருசம் தாங்கும்"னு அண்ணன் வாரவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்லுவாரு. நான் அவரை நம்புனதில்லை. என்னைப் பத்தி யாரு நல்லதாச் சொன்னாலும் நான் நம்பமாட்டேன். எது உள்ளது, எது என் காலுக்காகச் சொன்னதுன்னு எப்புடித் தெரியும்?

ஒரே ஒரு நாள் ஒரு டிரைவர், தைச்சது யாருன்னு தெரியாம, கடை வாசல்ல நின்னு கத்துனாரு. "எவன்யா இதைத் தைச்சது? உக்காந்தா முதுகுல மடிப்பு குத்துது. ஆத்தூர் தாண்டறதுக்குள்ள தோலு உரிஞ்சிரும்!" உள்ளே மிஷின்ல உக்காந்துட்டு நான் சிரிச்சேன். அன்னைக்கு எனக்கிருந்த சந்தோசத்தை யாருகிட்டயும் சொல்லலை. சொன்னா பைத்தியம்னு சொல்லியிருப்பாங்க.

கொரோனாவுல லாரிக நின்னு போன மாசத்துல போன்ல சண்டை விளையாட்டு ஆட ஆரம்பிச்சேன். கால் முடியாதவ விளையாட்டுலயாவது ஓடிப் பாக்கறான்னு உச்சுக் கொட்டாதீங்க. எனக்குக் குறி நல்லா வரும், ஒரு ஆட்டத்துக்கு அஞ்சாறு பேரைச் சாச்சுப்போடுவேன், அதனால ஆடுனேன். அந்த ஆட்டத்துல கோட்டை வாசலைக் காக்கற ஒருத்தி வருவா. தோள்ல அடுக்கடுக்கா வெள்ளித் தகடு, முதுகுல செவப்புப் போர்வை, கையில நெஞ்சு ஒசரத்துக்குக் கேடயம். எவன் வந்தாலும் ஒரு அடி பின்னால வைக்கமாட்டா. எனக்கு அவளை அம்புட்டுப் புடிக்கும்.

விளையாட்டுல வர்ற ஆளுக போடற உடுப்பு, ஆயுதம் எல்லாத்தையும் நாமளே கையில செஞ்சு போட்டுக்கறதுக்கு காஸ்ப்ளேன்னு பேரு. போன்ல பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டேன். கடைத்தெருவுல சொன்னா, "ஓ, மாறுவேசப் போட்டியா? கத்திரிக்காய் வேசமா, பாரதமாதா வேசமா?"ன்னாங்க. ஒரு தோழி வேற, "இரும்புக் கால் வச்ச ரோபோ எதையாச்சும் போடேன், உனக்குப் பொருத்தமா இருக்கும்"ன்னா. அட கெரகமே! எனக்குப் புடிச்சவளைத்தான் நான் போடுவேன். அவளுக்கு ரெண்டு காலும் நல்லா இருந்தா இருந்துட்டுப் போகட்டும்.

சேலத்துல ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்துல போட்டி வெக்கறாங்கன்னு பார்த்தேன். விதிமுறையில ஒரு வரி இருந்துச்சு. உடுப்பைக் கையில தொட்டுப் பார்த்து, ஆறு தலைப்புல நூத்துக்கு மார்க்குப் போட்டு, அந்தத் தாளை உங்க கையிலயே குடுத்துருவோம்னு. அந்த ஒரு வரியை எத்தனை தடவை படிச்சேன்னு எனக்கே கணக்கில்லை. பரிசு கெடக்குது கழுதை. என்னைத் தெரியாத, வேலை தெரிஞ்ச ஒருத்தர், நான் நல்லாச் செய்யறேனா இல்லையான்னு எழுதிக் குடுக்கப் போறாங்க. அது எனக்கு வேணும்.

இரும்பு புடிச்ச கையும் சிரங்கு புடிச்ச கையும் சும்மா இருக்காதுன்னு சொல்லுவாங்க. நாப்பது நாள் என் கையும் சும்மா இருக்கலை. செருப்புக்கு அடியில ஒட்டற ஃபோம் சீட்டை வாங்கி, சூடு காட்டி வளைச்சு, சொல்யூஷன் வச்சு ஒட்டினேன். தோளுக்கு மட்டும் ஒரு பக்கத்துக்கு அஞ்சு அடுக்கு. லாரிக்குப் பெயிண்ட் அடிக்கற பட்டறையில கெஞ்சி வெள்ளிப் பெயிண்ட் அடிச்சு வாங்கினேன். முழங்காலுக்குக் கீழ வர்ற தகடு எல்லாருக்கும் நடக்க நடக்க நழுவி எறங்கிருமாம். நான் காலிப்பர் கம்பியிலயே கிளாம்பு போட்டுத் திருகிட்டேன். அசையலை.

போட்டியன்னைக்கு அண்ணன் கடையை அடைச்சுட்டுக் கூடவே வந்தாரு. கேடயத்தைத் தார்ப்பாயில சுத்தித் தோள்ல வச்சுக்கிட்டாரு. மண்டபத்து வாட்ச்மேன் பழக்க தோசத்துல, "பொண்ணூடா, மாப்ளையூடா?"ன்னு கேட்டாரு. "ரெண்டும் இல்லீங்க, சண்டைக்கு வந்திருக்கறோம்"னேன்.

பன்னெண்டு பேரு போட்டிக்கு. நடுவர் மூணு பேரு. அதுல ஒரு அம்மா நாடகத்துக்கு உடுப்பு செஞ்சு குடுக்கறவங்க, கோயமுத்தூர்ல இருந்து வந்திருந்தாங்க. எனக்கு முன்னாடி நின்ன பையனோட கத்தியை வளைச்சுப் பார்த்தாங்க, சட்டையைப் புரட்டிப் பார்த்தாங்க, "இது ஒட்டினதா, தைச்சதா?"ன்னு அதட்டுனாங்க. நான் கேடயத்தை நிமித்திப் புடிச்சேன். என் முறை வந்துச்சு. கையை நீட்டுனாங்க. அதுக்குள்ள கீழ காலைப் பார்த்துட்டாங்க. நீட்டுன கை அப்புடியே உள்ளே போயிருச்சு.

"ரொம்ப சந்தோசம்மா. போய் உக்காருங்க, நிக்காதீங்க"ன்னாங்க. மூணு பேரும் கை தட்டுனாங்க. எனக்கு அந்தத் தட்டு நல்லாத் தெரியும். பூசணிக்காய்க்குத் தட்டுனது அதுதான்.

முடிவு சொல்றப்ப, மத்த பரிசுக்கெல்லாம் முன்னாடி என்னை மேடைக்குக் கூப்பிட்டாங்க. மைக்கு புடிச்சவரு, "இந்தச் சகோதரி நமக்கெல்லாம் ஒரு பாடம், தன்னம்பிக்கையின் சிகரம்"னு பேசிக்கிட்டே போனாரு. சிறப்புப் பரிசாம். பொன்னாடை கொண்டாந்தாங்க. சரிகை மினுமினுக்கற துண்டு. அதை ரெண்டு பேரு புடிச்சு, விரிச்சு, என் தோளைச் சுத்திப் போத்துனாங்க. நாப்பது நாள் வெட்டி ஒட்டின அந்தப் பத்து அடுக்கும் அதுக்குக் கீழ போயிருச்சு. மண்டபமே எந்திரிச்சு நிக்குது. முன்வரிசையில அண்ணன் துண்டால கண்ணைத் தொடைக்கறாரு.

எனக்கு எங்கிருந்துதான் அம்புட்டு கோவம் வந்துச்சோ! பொன்னாடையை எடுத்து நாற்காலி மேல போட்டுட்டு, மைக்கைக் கேட்டு வாங்கினேன்.

"என் மார்க்குத் தாளைக் குடுங்க."

மைக்குக்காரரு சிரிச்சுக்கிட்டே, "மேடம், உங்களுக்கு மார்க்கெல்லாம் எதுக்கு? நீங்க அதுக்கெல்லாம் மேல"ன்னாரு.

"மேலயும் வேண்டாம், கீழயும் வேண்டாம். பன்னெண்டு பேருக்கும் தாள் இருக்குதில்லீங்க? என்னோடதைக் குடுங்க."

கோயமுத்தூர் அம்மா, மேடை ஓரத்துல இருந்த நடுவர் மேசையில என் தாளைக் கவுத்து வச்சாங்க. நான் எட்டி எடுத்தேன். மேல என் பேரு. கீழ ஆறு கட்டமும் காலி. குறுக்கே ஒரு கோடு போட்டு, சிறப்புப் பரிசுன்னு எழுதியிருந்துச்சு.

"ஏனுங்க, திருத்தாத பரீட்சைக்கு எப்புடிங்க பரிசு குடுக்கறீங்க? இதை நீங்க தொட்டுக் கூடப் பார்க்கலையே?"

அண்ணன் மேடைக்குக் கீழ ஓடியாந்துட்டாரு. "வாங்கிக்க சாமி, அல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்ணா. பாக்கத்தானே வந்திருக்காங்க? கவசத்தைப் பாக்கட்டும்."

"சகோதரி கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுட்டாங்க"ன்னு மைக்குக்காரரு ஆரம்பிச்சாரு. "உணர்ச்சி இல்லீங்க, கோவம்"னேன். யாரோ விசிலடிச்சாங்க. நான் அந்த எடத்தை விட்டு நகரலை. இந்தத் தாள் காலியாவே போச்சுன்னா, இனி எந்தக் காலத்துலயும் எனக்கு உள்ளது தெரியாதுன்னு தோணுச்சு.

அந்தம்மா எந்திரிச்சாங்க. தலை மேல ஏத்தி வச்சிருந்த கண்ணாடியை மூக்குக்கு எறக்குனாங்க. "கழட்டுங்க"ன்னாங்க.

கழட்டிக் குடுத்தேன். தோள்கவசத்தைக் குப்புறப் போட்டு ஒவ்வொரு அடுக்கா விரல் விட்டு இழுத்தாங்க. "சொல்யூஷன் எல்லாப் பக்கமும் வழிஞ்சிருக்கு. வெள்ளிப் பெயிண்ட் மேல மஞ்சளாத் தெரியுது, பாருங்க. எடது தோள் கோணல், ஒரு விரக்கடை எறங்கி நிக்குது. போர்வையோட ஓரத்தை மடிக்கறப்ப அவசரப்பட்டிருக்கீங்க." சொல்லிக்கிட்டே எழுதுறாங்க. கால் தகடுகிட்ட குனிஞ்சு, திருகைத் தொட்டுப் பார்த்துட்டு, மத்த ரெண்டு நடுவரையும் கூப்பிட்டுக் காமிச்சாங்க. அந்தக் கட்டத்துல மட்டும் இருபதுக்குப் பதினெட்டு. அப்பறம் கேடயத்து ஓரத்தைத் தடவி, "இதென்ன உருட்டா, கயிறு வச்சுத் தைச்ச மாதிரி?"ன்னாங்க.

"பைப்பிங்குங்க. லாரிச் சீட்டுல அது வெக்காட்டி ஓரம் பிரிஞ்சிரும்."

"லாரிச் சீட்டுக்குப் பிரியும். கேடயத்துக்கு எதுக்கு? சோபா மாதிரி இருக்கு. ரெண்டு மார்க் போச்சு."

மண்டபமே சிரிச்சுது. கை பழகினது பழகிப் போச்சு, ஓரம்னு ஒண்ணு கண்டா பைப்பிங் வச்சிருவேன், நான் என்ன பண்ணட்டும்? மேடையிலயே அந்தம்மாகூட மல்லுக்கு நின்னேன். அவங்களும் விட்டுக் குடுக்கலை. ரெண்டு பேரும் கேடயத்தை ஆளுக்கொரு பக்கம் புடிச்சுக்கிட்டு வாதாடறோம், மைக்குக்காரரு நடுவுல முழிக்கறாரு. அந்த ரெண்டு மார்க்குக்கு இன்னைக்கு வரைக்கும் எனக்கு அவங்க மேல கோவம்தான். நல்ல கோவம்.

நூத்துக்கு அறுபத்தொண்ணு. பன்னெண்டு பேருல ஏழாவது. பொன்னாடையை மடிச்சு மேசையில வச்சுட்டு, தாளை மட்டும் எடுத்துக்கிட்டு எறங்கினேன்.

சாயங்கால பஸ்ல அண்ணன் சன்னல் பக்கமே திரும்பி உக்காந்துக்கிட்டாரு. நாலு பேரு முன்னாடி மானத்தை வாங்கிப்போட்டேன்னு நினைக்கறாருன்னு இருந்தேன். பஸ் ராசிபுரம் தாண்டுச்சு. மூஞ்சியைத் திருப்பாமயே சொன்னாரு.

"அந்தம்மா சொன்னது சரிதான் கண்ணு. எடது தோளு கோணலாத்தான் இருந்துச்சு. நீ ஒட்டுன அன்னைக்கே பார்த்தேன்."

"பார்த்தீங்களா? அப்பவே சொல்றதுக்கென்ன?"

"நீ மனசு ஒடைஞ்சு போயிருவியோன்னுதான்."

எனக்குச் சுருக்குன்னுச்சு. "கடையிலயும் இப்புடித்தானுங்களாண்ணா?"

அவரு சன்னல் கம்பியைப் புடிச்சுக்கிட்டாரு. நான் விடலை, தோளைப் புடிச்சுத் திருப்பினேன்.

"எப்பவாச்சும்தான். பத்துச் சீட்டுக்கு ஒண்ணு. நீ ஊட்டுக்குப் போன பொறகு பிரிச்சு, மறுக்கா ஓட்டிக் குடுத்துருவேன்."

"எத்தனை வருசமா?"

"மொதல்ல இருந்தே."

பன்னெண்டு வருசம். என் தப்பையெல்லாம் எனக்குத் தெரியாம ஒருத்தரே எடுத்து ஒளிச்சு வச்சிருக்காரு. அதுவும் பாசத்துல! வாய்விட்டு அழுதேன். அடிக்கலாம் போலவும் இருந்துச்சு, அவரு கையைப் புடிச்சுக்கலாம் போலவும் இருந்துச்சு. தன்னோட தூக்கத்தைக் கெடுத்துக்கிட்டு என் தையலைத் திருத்தியிருக்காரு மனுசன். அதனாலதான் நான் ஒண்ணும் கத்துக்காமயே போயிருக்கறேன்.

"இன்னியிலிருந்து என் தையலை நீங்க பிரிக்கக் கூடாது. தப்புன்னா என் மிஷின் மேல கொண்டாந்து போடுங்க. நான் பிரிக்கறேன்."

அவரு தோள்ல கெடந்த துண்டை எடுத்து என் கையில குடுத்தாரு.

மறுநாள் காலையில கடையைத் தொறந்து சித்த நேரம் இருக்கும். அண்ணன் ஒரு சீட்டைத் தூக்கிட்டு வந்து என் முன்னால வச்சாரு. மூஞ்சியைப் பார்க்காம, விரலால ஒரு எடத்தைக் காட்டுனாரு.

"தையல் கோட்டை விட்டு ஓடிப் போயிருக்குது. பிரி."

நான் கத்திரியை எடுத்தேன்.