கடலோரத்து வீடு முதலில்

கரண்டிக் காம்பால் அலுமினியத் தட்டின் முதுகில் தட்டினால் 'டொப்' என்று ஒரு சோம்பேறிச் சத்தம் வரும். எவர்சில்வர் தட்டாக இருந்தால் 'ணங்' என்று எழுந்து, காதுக்குள் ஒரு கூச்சத்தை விட்டுவிட்டுப் போகும். எங்கள் வீட்டுத் தட்டு எவர்சில்வர். அம்மாவின் கல்யாணத்துக்கு யாரோ வைத்துக் கொடுத்தது, விளிம்பில் ஓரிடத்தில் நசுங்கியிருந்ததால் அதன் 'ணங்'குக்குப் பின்னால் ஒரு நடுக்கமும் சேர்ந்து வரும். அந்த நடுக்கத்தைக் கேட்டதும் எங்கள் காலனியில் எல்லோருக்கும் தெரிந்துவிடும், நாங்கள் உயிரோடு இருக்கிறோம் என்று.

மாமல்லபுரத்துக்கு வடக்கே, கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் நடுவிலுள்ள மணல்மேட்டில் இருந்தது எங்கள் காலனி. எங்களுக்கும் கடலுக்கும் இடையில் அடர்ந்த சவுக்குத் தோப்பு. ஐப்பசி, கார்த்திகையில் காற்று அடித்து ஓய்ந்ததும் அங்கே ஒரு முறை உண்டு, அதற்குத் 'தட்டு அடிக்கிறது' என்று பெயர். ஒரு வீடு தட்டை அடிக்கும், அடுத்த வீடு பதில் அடிக்கும், அப்படியே தார்ச்சாலை வரைக்கும் போகும். பதில் வராத வீட்டுக்கு ஆள் ஓட வேண்டும். யார் முதலில் அடிப்பது என்பதிலும் ஒழுங்கு இருந்தது. கடலோரத்து வீடுதான் தொடங்க வேண்டும். "காத்த மொதல்ல வாங்கினவன் மொதல்ல பேசட்டும்" என்பார்கள் பெரியவர்கள்.

எங்களுக்குக் கடலோரத்து வீடு என்றால் தோப்புக் கோடியில் இருந்த 'மோட்டார் ரூம்'. செங்கல் சுவர் வைத்த அந்த ஒற்றை அறையில் தோப்புக் காவல்காரர் ஏகாம்பரம் தனியாக இருந்தார். மனைவி செத்துப்போய்விட்டாள், மகளைச் செங்கல்பட்டில் கட்டிக் கொடுத்திருந்தார். மரம் திருடுகிறவர்களை மிரட்டுவதற்காக அறை வாசலில் ஒரு தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டிருந்தார். அதை இரும்புக் கம்பியால் அடித்தால் கால்வாய்க்கு அந்தப் பக்கம் வரை கேட்கும். காற்று ஓய்ந்ததும் அந்தத் தண்டவாளம்தான் முதலில் பேசும், பிறகுதான் எங்கள் தட்டுகள்.

என் சித்தி சலோமி எங்களோடுதான் இருந்தாள். அம்மாவின் தங்கை, கல்யாணம் ஆகாதவள். கடற்கரைக் கோயில் பக்கம் ஒரு கடையில் சிப்பி மாலை கோத்து விற்றுக்கொண்டிருந்தாள். யாரையும் விட்டுவைக்காத வாய் அவளுக்கு. அப்பா சென்னையில் கட்டட வேலைக்குப் போய் மாதத்துக்கு ஒருமுறை வருவார், மற்ற நாளெல்லாம் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டதென்றால் அது அவளால்தான். வானொலியில் புயல் அறிவிப்பு வந்தால் போதும், முக்காடு போட்டுக்கொண்டு செய்தி வாசிப்பவரைப் போல முகத்தை வைத்துக்கொள்வாள். "தென்கிழக்கு அடுப்படியில் நிலைகொண்டுள்ள எங்கள் அக்கா மேலும் வலுவடைந்து, கூடத்தை நோக்கி நகரக்கூடும். குழந்தைகள் யாரும் கட்டிலுக்குக் கீழே செல்ல வேண்டாமென்று எச்சரிக்கப்படுகிறார்கள்." அம்மா துடைப்பத்தோடு வருவாள், அவளும் சிரித்துக்கொண்டுதான் வருவாள். தாழ்வு நிலை, தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம், புயல் என்ற வரிசையை நான் பள்ளிக்கூடத்தில் கற்கவில்லை, சித்தியின் வாயிலிருந்துதான் கற்றேன்.

அவளுக்கும் ஏகாம்பரத்துக்கும் ஏழாம் பொருத்தம். தோப்பில் உதிர்ந்த மிலாறுச் சுள்ளி பொறுக்கப் போனால் அவர் துரத்துவார், இவள் எட்டி நின்று வம்பு வளர்ப்பாள். பெரும்புயல் வந்த வருஷம், மழைக்கு முன்னால் ஒருநாள் அவளுடைய விறகு கட்டும் கயிற்றை அவர் பிடுங்கி வைத்துக்கொண்டார். அதிலிருந்து அவளுக்கு அதே பேச்சு. "அந்தக் கெய்வன் சாவறதுன்னா சாவட்டும். என் கவுத்தக் குட்த்துட்டு சாவட்டும்" என்பாள். ஆனால் மீன் குழம்பு வைத்த நாளில் ஒரு கிண்ணம் மூடி வைத்து அவருக்கு எடுத்துப் போகிறவளும் அவள்தான்.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது அந்தப் புயல் வந்தது. புயல்களுக்குப் பெயர் வைக்கும் வழக்கம் அப்போது கிடையாது, அதனால் அதைத் திட்டக்கூட எங்களுக்கு ஒரு பெயர் இல்லை. ஓடு போட்ட பள்ளிக்கூடத்தைவிடத் தளம் போட்ட காலனி வீடே மேல் என்று எல்லோரும் வீட்டிலேயே இருந்துவிட்டோம். காலையிலிருந்து வடக்குக் காற்று. எங்கள் பக்கத்துக் கெட்ட காற்றெல்லாம் வடக்கிலிருந்து வருகிற வாடைதான் என்பதால் காலனி வீடுகள் எல்லாமே தெற்குப் பார்த்தவை. வடக்கு ஜன்னலுக்குக் கட்டிலை நிறுத்தி, அதற்கு முட்டாக நெல் மூட்டையை வைத்து, அதன்மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தோப்பு அழுதது என்று எழுதினால் அழகாக இருக்கும், ஆனால் அது அழவில்லை, உறுமியது. சித்திகூட அன்று வாய் திறக்கவில்லை. என் காதைத் தன் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மத்தியானம் திடீரென்று காற்று நின்றது.

குறைந்து குறைந்து நிற்கவில்லை, குழாயை மூடினாற்போல நின்றது. காது அடைத்துக்கொண்டது, எச்சில் விழுங்கினால் உள்ளே 'பொட்' என்றது. கதவைத் திறந்தோம். மேலே வட்டமாக வானம் வெளுத்து, நடுவில் வெளிறிய வெயில். காலையெல்லாம் நடுங்கிக்கொண்டிருந்த எங்களுக்குப் புழுங்கி வியர்த்தது. பெயர் தெரியாத கடல் பறவைகள் வாசல் மணலில் உட்கார்ந்திருந்தன, கிட்டே போனாலும் எழும்பவில்லை. அந்த வெயில் எனக்குப் பிடித்திருந்தது, விளையாடப் போகலாமா என்றுகூடக் கேட்டேன். இன்றைக்கும் மழைக்காலத்தில் அப்படி ஒரு வெளிறிய வெயில் அடித்தால் எழுந்துபோய்க் கதவைச் சாத்துவேன்.

வீட்டுக்கு வீடு தட்டும் கரண்டியுமாக ஆட்கள் வாசலில் நின்றார்கள். எல்லோர் முகமும் தோப்பைப் பார்த்து இருந்தது. தண்டவாளம் பேசவில்லை. கொஞ்சம் பொறுத்து யாரோ முறையை மீறித் தட்டை அடித்தார்கள், பதில்கள் தார்ச்சாலை வரை போய் முடிந்தன. தோப்புக் கோடி மட்டும் வாய் திறக்கவில்லை.

"இன்னாடி இது, கெய்வன் அடிக்கவேல்லியே?" என்றாள் அம்மா.

"தூங்கிக்கினு இருக்கும். நான் போயி எழுப்பிட்டு வரேன்" என்று சித்தி பாவாடையை இழுத்துச் செருகினாள்.

"ஆம்பளைங்க வரட்டும், இரு."

"அவங்க மாட்டுக் கொட்டாயப் பாத்துக்கினு கீறாங்கக்கா. காத்துதான் நின்னுட்ச்சே. நீ ஒலய வை, அதுக்குள்ள வந்துடறேன். என் கவுத்தையும் கேட்டு வாங்கிக்கினு வந்துடறேன்."

அம்மா அதற்கு மேல் தடுக்கவில்லை. தடுக்க ஒரு காரணமும் இல்லை. காற்று நின்றால் புயல் முடிந்தது என்பதுதான் அந்த மணல்மேட்டில் பிறந்த அத்தனை பேருக்கும் தெரிந்த கணக்கு. ஒடிந்த கிளைகளைத் தாண்டித் தாண்டி, அந்த வெயிலில் சித்தி தோப்புக்குள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அம்மா உலை வைத்தாள். தண்ணீர் சூடேறுவதற்குள் தோப்புக் கோடியிலிருந்து கேட்டது, 'டங்… டங்… டங்…' என்று அந்தத் தண்டவாளம். காலனியே 'ஹோ'வென்று கத்தியது. "கெய்வன் உசுரோட கீறான்!" என்று பக்கத்து வீட்டில் குரல் கேட்டது. அம்மா வாசலுக்கு ஓடி எங்கள் தட்டைப் பதிலுக்கு அடித்தாள். பிறகு உள்ளே வந்து, ஏகாம்பரத்துக்கும் சேர்த்து இன்னும் ஒரு கை அரிசியை எடுத்துக் களைந்து வைத்தாள்.

உலை கொதிக்கவில்லை. அதற்குள் தெற்கிலிருந்து ஒரு இரைச்சல் வந்தது, லாரி வருகிறது என்றுதான் நினைத்தேன். திறந்திருந்த கதவு வழியாக முதலில் மணல் வந்தது, பிறகு காற்று. அடுப்பு அணைந்து பானை உருண்டது. வடக்கு ஜன்னலுக்கு அண்டக்கொடுத்த கட்டிலையும் மூட்டையையும் இழுத்து வந்து கதவுக்கு முட்டுக் கொடுத்தோம். காலை முழுக்க வடக்குக் காற்று தெற்கே சாய்த்துச் சாய்த்து வேரை இளக்கியிருந்த மரங்களை, இந்தக் காற்று இப்போது எதிர்ப்பக்கமிருந்து தள்ளியது. தோப்பு விழுகிற சத்தம் பொழுது சாயும்வரை கேட்டது.

அம்மா அழவில்லை. "மோட்டார் ரூமு செங்கல் கட்டடம், கெய்வன் அவள வெளிய வுட்டிருக்க மாட்டான், ரெண்டு பேரும் சண்ட போட்டுக்கினு உள்ளதான் கீறாங்க" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். நாங்களும் நம்பினோம். தண்டவாளம்தான் பேசிவிட்டதே.

விடிந்ததும் ஆண்கள் கோடாலியோடு தோப்பை வெட்டி வழி செய்யத் தொடங்கினார்கள். தோப்பு என்று சொல்வதற்கு எதுவும் நிற்கவில்லை. அம்மா அவர்கள் பின்னாலேயே நின்றாள், நான் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்போது பின்னால், தார்ச்சாலைப் பக்கமிருந்து, யாரோ கூப்பிட்டார்கள்.

ஏகாம்பரம் வந்துகொண்டிருந்தார். வேட்டியை மடித்துக் கட்டி, முழங்கால் வரை சேறாக, கையில் ஒரு ஸ்வீட் பொட்டலத்தோடு. புயலுக்கு முந்தின நாளே மகளுக்கு வலி கண்டுவிட்டதாக ஆள் வந்து சொல்ல, யாரிடமும் சொல்லாமல் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார். பஸ் ஓடாததால் பாதித் தூரம் லாரியிலும் மீதி நடையுமாகத் திரும்பி வந்திருக்கிறார். "பொட்டப் புள்ள பொறந்துகீது" என்று தூரத்திலிருந்தே சிரித்தார்.

அந்த மனிதர் உயிரோடு சிரித்துக்கொண்டு வருவதைப் பார்த்து அம்மா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "நீ இங்க கீற… அப்ப அத அடிச்சது யாரு?" என்றாள். பதில் அவளுக்கே தெரியும்.

மோட்டார் ரூமுக்குச் சற்று இப்பால், வீட்டை நோக்கித் திரும்பும் பாதையில், ஒரு மரத்தின் அடியில் சித்தி கிடைத்தாள். அறைக் கதவில் பூட்டுத் தொங்கியது. அதைப் பார்த்ததும் கிழவர் ஊரில் இல்லை என்று அவளுக்குப் புரிந்திருக்கும். நாங்கள் காத்துக்கொண்டிருப்போம் என்று, இங்கே கவலைப்பட ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் தண்டவாளத்தை அடித்திருக்கிறாள். வெளியே ஆணியில் மாட்டியிருந்த அவளுடைய கயிறு அவள் இடுப்பில் சுற்றியிருந்தது. ஏகாம்பரம் அந்தக் கயிற்றைப் பார்த்துவிட்டு, ஸ்வீட் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு கத்தினார். அதன்பிறகு அவர் அந்த அறையைப் பூட்டியதே இல்லை.

சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு பள்ளியில் இப்போது நான் புவியியல் ஆசிரியை. வருஷாவருஷம் கரும்பலகையில் புயலை வரைகிறேன். நமது பக்கத்தில் புயல் இடஞ்சுழியாகச் சுற்றும், கடலிலிருந்து அது வரும்போது கரையில் வடக்குக் காற்று அடிக்கும், அதன் கண் ஓர் ஊரைக் கடந்து போனபின் அதே ஊரில் தெற்குக் காற்று அடிக்கும், கண்ணுக்குள் காற்றே இருக்காது. பெரும்பாலான புயல்கள் ஓர் ஊருக்கு வடக்கிலோ தெற்கிலோ விலகித்தான் போகின்றன. அதனால் எங்கள் ஆட்கள் பார்த்த காற்றெல்லாம் திசை மாறி மாறி மெல்லத் தணிந்தவைதான், கண் நேராகத் தலைமேல் வந்ததை உயிரோடிருந்த யாரும் பார்த்ததில்லை. 'அறியாமையால் வெளியே போய்ச் சாகிறார்கள்' என்று ஆசிரியர் அறையில் யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் வேடிக்கை பார்க்கப் போகவில்லை, பதில் வராத வீட்டைத் தேடிப் போனாள். கரும்பலகையில் நடுவில் அந்தச் சின்ன வட்டத்தைப் போடும்போதெல்லாம் என் சாக்பீஸ் சற்று நிற்கும். பிள்ளைகள் நான் ஏதோ மறந்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்வார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது பள்ளி மணியும் ஒரு தண்டவாளத் துண்டுதான். ஒவ்வொரு மணிக்கும் ஓடிப்போய்ப் பதில் அடிக்க வேண்டும் போலிருக்கும், மேசை விளிம்பைப் பிடித்துக்கொள்வேன். பிறகு கரண்டு மணி வைத்துவிட்டார்கள். நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை.

ஏகாம்பரம் போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிறது. தோப்பு இருந்த இடத்தில் மனைக் கற்களும், ஒரு விடுதியின் நீளமான மதிலும் நிற்கின்றன. மோட்டார் ரூம் எங்கே இருந்தது என்று என்னால் காட்ட முடியவில்லை, தண்டவாளத்தை எந்தப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டார்களோ. காலனியில் பாதிப் பேர் வேலைவெட்டி என்று கிளம்பிப் போய்விட்டோம், நாங்கள் செங்கல்பட்டில் ஏரிக்குப் பக்கத்தில் மாடி வீட்டில் இருக்கிறோம். புயலுக்கு இப்போது அழகழகாகப் பெயர் வைக்கிறார்கள். கைப்பேசியில் அது சுழன்று வருவதை மணிக்கணக்காகப் பார்க்கலாம், நடுவில் கடுகளவு ஓட்டையாகக் கண் தெரியும். அந்தக் கடுகுக்குள் பாவாடையைச் செருகிக்கொண்டு ஒருத்தி நடந்து போவது எனக்கு மட்டும் தெரிகிறது.

போன மழைக்காலத்தில் ஒரு புயல் எங்களைத் தொட்டுக்கொண்டு போனது. மறுநாள் காலை காற்று ஓய்ந்ததும் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் 'சேஃப்', 'சேஃப்' என்று கட்டைவிரல்கள் வரிசையாக வந்து விழுந்தன. நானும் ஒன்றைத் தட்டிவிட்டு நிமிர்ந்தேன். அம்மா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்த நசுங்கிய எவர்சில்வர் தட்டு, கையில் கரண்டி. கிழக்கே, கடல் இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா, அடிக்கணும்னா அடி. யாரு இன்னா சொல்லப்போறாங்க?" என்றேன்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"இருடி" என்றாள். "கடலோரத்துல கீறவ அவதானே. மொதல்ல அவ அடிக்கட்டும்."

நான் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.