கோர்ட்டில் காட்ட எடுத்த வீடியோ

ஒன்றரை வயதில் தடுப்பூசி போட்டதும் என் மகன் அன்வருக்குத் தொடை வீங்கிவிட்டது. காலை ஊன்ற முடியாமல் அழுதான். வக்கீலின் ஆள் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் எங்கள் தாராவி வீட்டுக்கு வந்தார். சர்க்காரிடம் நஷ்டஈடு வாங்கித் தருவதாகவும், கோர்ட்டில் காட்ட வேண்டும் என்றும் சொல்லி, அவன் நொண்டுவதை வீடியோ எடுத்துப் போனார். சில நாளில் வீக்கம் வடிந்தது. டாக்டர், "ஊசி போட்ட இடத்துல சில பிள்ளைகளுக்கு இப்படி வரும், பயப்படாதீங்க" என்றார். கேஸை விட்டுவிட்டோம்.

அடுத்த வருடம் எங்கள் சந்தில் ஊசி முகாம் நடந்தது. வரிசையில் நின்ற ஒரு பெண் கைக்குழந்தையோடு திரும்பிப் போனாள். ஏன் என்று கேட்டேன்.

"இதப் பாருங்கக்கா. ஊசி போட்டு இந்தப் பிள்ளைக்குக் காலே வெளங்காம போச்சாம்."

அவள் போனில் நொண்டி நொண்டி அழுதது என் அன்வர். அவனோ எங்களைச் சுற்றி ஓடி விளையாடிக்கொண்டிருந்தான்.

"இவந்தாம்மா அது" என்றேன்.

அவள் அவனையும் வீடியோவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மொகச்சாடை அப்படி இருக்குக்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இப்போது முகாம் நடக்கும்போதெல்லாம் அன்வரை அங்கே கூட்டிப்போய் ஓட விடுகிறேன். வீடியோவில் போட்டிருந்த அதே மஞ்சள் சட்டையைத்தான் மாட்டிவிடுகிறேன். அது அவனுக்குச் சிறியதாகிவிட்டது, கழற்ற விடுவதில்லை.